பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தின் சார்பாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஒன்பது வருடமாக நடக்கிறது. கதை முடிந்து பிள்ளைகள் அலமாரிப் பக்கம் ஓடியதும், வாசலில் செருப்பு விடும் இடத்தில் நிற்கிற பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

கழுத்து நின்று மடியில் உட்காரும் வயதிலேயே ஆரம்பிக்கலாம். ஆறு மாதப் பிள்ளை புத்தகத்தைக் கடிக்கும், உமிழ்நீரில் நனைக்கும், கிழிக்கும். கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கினால் தாங்கும். பேச்சு வரும் வயதில் கதையைவிடப் பாட்டு நன்றாக எடுபடும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களை ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பாருங்கள், எட்டாம் நாள் பிள்ளையே கடைசிச் சொல்லை முடித்து வைக்கும். அந்த ஓசை காதில் ஏறியிருந்தால், பின்னால் அச்சில் பார்க்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

தாமதமாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பதினொரு வயதில் முதல் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, அதன்பின் விடாமல் படிக்கிற பிள்ளைகள் எங்கள் நூலகத்திலேயே இருக்கிறார்கள்.

பிறந்தநாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?

என்னென்ன புத்தகங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதில்தான் வரும்: பொது அறிவு வினா விடை, நீதிக்கதைகள், தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, குறளுக்கு ஒரு கதை. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவை எல்லாம் பிள்ளை எப்படி ஆக வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அதற்காக வாங்கியவை. பிள்ளைக்கு இப்போது என்ன பிடிக்கும் என்று யோசித்து வாங்கியவை அல்ல. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அது இன்னொரு பாடப்புத்தகம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடப் பெரிய உபாயம் எதுவும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். கதை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையையே பார்ப்பான். நடுவில் திடீரென்று, “மிஸ், பாவநாசம் வண்டி இன்னைக்கு லேட்டு” என்பான். இரண்டு மாதம் நான் கொடுத்த கதைப் புத்தகம் ஒன்றையும் அவன் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அலமாரியின் அடித்தட்டில், லாரி, கிரேன், ரோடு ரோலர் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமுமாக ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போனான். ஒரு லாரி வரும், விரலால் படத்தில் அதே பாகத்தைத் தேடுவான், கீழே இருக்கும் வரியை முணுமுணுப்பான். அன்று நூலகம் மூடும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வாசலிலேயே நின்று, “இது மாதிரி இன்னொண்ணு இருக்கா மிஸ்?” என்று கேட்டான்.

உங்கள் பிள்ளை சும்மா இருக்கும்போது எதைப் பார்க்கிறது, எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எறும்பா, கிரிக்கெட்டா, பேயா, சமையலா? முதல் புத்தகம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கடையில் நின்று பார்க்கும்போது நல்ல புத்தகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார். நாக்கு எங்கேயாவது தடுக்குகிறதா? “அவன் மிகுந்த மகிழ்ச்சியுற்றவனாய்த் தன் இல்லம் நோக்கி விரைந்தான்” என்று எழுதியிருந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பு தமிழ்க் கதையாகவே ஓடும். மோசமான மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் படம். படம் வெறுமே அலங்காரமாக இருக்கிறதா, அல்லது எழுத்தில் இல்லாத எதையாவது சொல்கிறதா? கதையில் பாட்டி தோசை சுடுகிறாள், படத்தில் அடுப்படி மூலையில் பூனை தோசைக்குக் காத்திருக்கிறது. அந்தப் பூனையைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த மாதிரிப் படத்தில்தான் பிள்ளையின் கண் நிற்கும், பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும்.

கடைசிப் பக்கத்தையும் பார்ப்பேன். “இக்கதையால் அறியும் நீதி” என்று தனியாக அச்சிட்டிருந்தால் நான் பெரும்பாலும் வைத்துவிடுவேன். கதை நன்றாக இருந்தால் பிள்ளைக்கே புரியும். நன்றாக இல்லை என்றால் கீழே நீதி எழுதியும் பயனில்லை. கதையில் வரும் பிள்ளை தானாக ஏதாவது யோசிக்கிறதா, செய்கிறதா, இல்லை பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருந்துவது மட்டும்தான் அதன் வேலையா என்றும் பாருங்கள்.

எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே இடைவெளி, தாளின் தரம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் விலை அதிகமானது நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. பதினாறு பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் அடித்த புத்தகங்களில் அருமையானவை நிறைய உண்டு.

என் மகனுக்கு எல்லா எழுத்தும் தெரியும். ஆனால் தமிழ்ப் புத்தகம் வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். சோம்பேறித்தனமா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள்.

ஒரு பக்கத்தைப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். “பொம்மை” என்று எழுதியிருக்கிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். ஒலியோ ப்-இல் தொடங்குகிறது. கொம்பும் இணைக்கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி பின்னால் வருகிறது. ஒகரத்திலும் ஓகாரத்திலும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. கால் குறியும் “ர” எழுத்தும் பல அச்சுகளில் ஒன்றுபோலவே இருக்கும். நமக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டதால் கண்ணில் படுவதில்லை. பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் முன்னும் பின்னும் போய்வருகிறது. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது.

இரண்டாவது, நம் சொற்களின் நீளம். “போய்க்கொண்டிருந்தது” ஒரே சொல், பத்து எழுத்து. இந்த மாதிரிச் சொல் வந்தால் விரலால் மறைத்து, போய், கொண்டு, இருந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். நாலைந்து தடவை காட்டினால் அடுத்த முறை பிள்ளையே பிரித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பெரியது. வீட்டில் பிள்ளை கேட்பது “அவங்க வந்துட்டாங்க.” புத்தகத்தில் இருப்பது “அவர்கள் வந்துவிட்டார்கள்.” எழுத்துத் தமிழைக் காதால் கேட்டே பழகாத பிள்ளைக்கு அது பாதி அந்நிய மொழி. முன்பு வீட்டில் யாராவது வாய்விட்டுச் செய்தித்தாள் படிப்பார்கள், வானொலி ஓடும், கோயிலில் கதை சொல்வார்கள். அதெல்லாம் குறைந்துவிட்டது. “பகல்” என்பதைப் பிள்ளை “பக்கல்” என்று அழுத்திப் படிப்பதும் இதனால்தான். ககரம் எங்கே வன்மையாக ஒலிக்கும், எங்கே மென்மையாகும் என்று எழுத்தில் எழுதியிருப்பதில்லை, சொல் காதில் இருந்தால்தான் தெரியும்.

ஆகவே மருந்தும் காது வழியாகத்தான். தினமும் பத்து நிமிடம், அச்சில் இருப்பதை அப்படியே, மாற்றாமல், வாசித்துக் காட்டுங்கள். வரிக்குக் கீழே விரல் ஓடட்டும். முகத்தில் புரியாத குறி தெரிந்தால் மட்டும் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி அச்சுக்கு வந்துவிடுங்கள். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ஒரே வரி அடிக்கடி திரும்பி வருகிற கதையாகப் பாருங்கள். அந்த வரியைப் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசியுங்கள். உரையாடல்கள் பேச்சுத் தமிழில் இருக்கும் புத்தகங்கள் இந்த நேரத்தில் பெரிய உதவி. “மொழி கெட்டுவிடும்” என்று அவற்றை ஒதுக்காதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தாத்தா வீட்டுப் பரணில் பைண்டு செய்த பழைய சிறுவர் இதழ்கள் இருக்கலாம், பொக்கிஷம்தான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா, னா போன்றவை வேறு வடிவில் இருக்கும். அவற்றைப் பிள்ளை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், நீங்களே மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

எத்தனை வயது வரை நாம் வாசித்துக் காட்டுவது?

பிள்ளை போதும் என்று சொல்லும்வரை. தானாக வாசிக்கத் தெரிந்த அன்றே “இனி நீயே படி” என்று நிறுத்திவிடுகிறோம். பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி. எட்டு வயதில் ஒரு பிள்ளையால் தானாகப் படிக்க முடிகிற கதையைவிட, கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற கதை எவ்வளவோ பெரியது. இரவுக்கு ஓர் அத்தியாயம், சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் நீங்கள் வருவதற்குள் மீதியை அது தானே படித்திருந்தால் கோபிக்காதீர்கள்.

என் மகள் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறாள்.

படிக்கட்டும். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. அவற்றைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள்தான் இன்று தடித்தடியான நாவல்களை வாங்குகிறார்கள். கட்டங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்று கற்பனை செய்வதும் வாசிப்புதான்.

ஒரே புத்தகத்தை முப்பது தடவை வாசிக்கச் சொல்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது சின்னப் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். முப்பத்தொன்றாவது தடவையும் வாசியுங்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், உடனே பிடித்துவிடும்.

வயதுக்கு ஏற்ற புத்தகம் எது என்று எப்படித் தெரியும்?

வயதை விட்டுவிட்டு நிலையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு அழகாகப் பெயர் வைத்தவர்களை எனக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ புத்தகத்தில் இருந்தால் அவமானம் ஒன்றுமில்லை, அங்கிருந்துதான் ஓட முடியும். வீட்டில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒன்றிரண்டு என்றால் பிள்ளையே படிக்கலாம்.

ஆங்கில வழிப் பள்ளி. தமிழ்ப் புத்தகம் எதற்கு, ஆங்கிலமே போதாதா?

இரண்டும் இருக்கட்டும். ஆனால் வீட்டில் பேசும் மொழியில் முதலில் கதைச் சுவை பிடித்த பிள்ளை, இன்னொரு மொழிக்கும் அந்தப் பசியை எடுத்துக்கொண்டு போகும். கதையில் மழை பெய்து மண் மணக்கும்போது, அந்த மணம் பிள்ளைக்கு எந்த மொழியில் தெரியும் என்று யோசியுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் படப் புத்தகங்களைச் சென்னை துலிகா பதிப்பகம் வெளியிடுகிறது. இரண்டு மொழிக்கும் இடையில் தயங்கும் வீடுகளுக்கு நல்ல தொடக்கம்.

படித்து முடித்ததும் கேள்வி கேட்கலாமா? பரிசு கொடுக்கலாமா?

இதில் நானே தவறு செய்திருக்கிறேன். முதல் வருடம் நூலகச் சுவரில் ஓர் அட்டை ஒட்டி, ஒரு புத்தகம் படித்தால் ஒரு நட்சத்திரம் என்று வைத்தேன். ஒரு பெண் ஒரே மாதத்தில் இருபத்திரண்டு நட்சத்திரம் வாங்கினாள். எல்லாரும் கை தட்டினோம். பிறகுதான் கவனித்தேன், அலமாரியில் எது மெல்லியதோ அதைத் தேடித் தேடி எடுத்திருக்கிறாள். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டேன். ஒன்றும் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றே அட்டையைக் கிழித்தேன். அவள் மறுபடி விரும்பிப் படிக்க ஒரு வருடம் ஆயிற்று.

கேள்வி கேட்காதீர்கள், பேசுங்கள். “நரி பண்ணினது எனக்குப் பிடிக்கவே இல்லை” என்று நீங்கள் ஒரு வார்த்தை விட்டால் போதும், பிள்ளை நரிக்கு வக்கீலாகிவிடும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கவும் விடுங்கள்.

பேய்க்கதை, சோகமான கதை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மடியில் உட்கார்ந்துகொண்டு பயப்படுவது பிள்ளைகளுக்குப் பிடித்தமான விஷயம். இரவில் தூக்கம் கெட்டால் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

மரணம், பிரிவு, பாலியல் சீண்டல் போன்றவற்றை நேராகப் பேச நமக்கே வாய் வராது. அதற்கும் இப்போது தமிழில் பிள்ளைகளுக்கான நல்ல கதைகள் வந்துவிட்டன. யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சீண்டலுக்கு ஆளாகும் ஒரு சிறுமி அதை எப்படி வெளியே சொல்கிறாள் என்பதைப் பற்றியது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. இப்படிப்பட்ட புத்தகத்தை முதலில் நீங்கள் படித்துவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து மறுபடி படியுங்கள்.

மொபைலை விட்டு வரவே மாட்டேன் என்கிறான்.

பிடுங்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்தால், புத்தகம் அவனுக்கு எதிரியாகிவிடும். இரவு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே அரை மணி நேரம், வீட்டில் இருக்கும் எல்லா மொபைலும், உங்களுடையதும் சேர்த்து, ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் புத்தகம் இருக்க வேண்டும். பூட்டிய கண்ணாடி ஷோகேஸில் வேண்டாம், பாய்க்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கூடையில், அட்டை தெரியும்படி.

எங்கே கிடைக்கும்? வாங்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது?

முதல் பதில், உங்கள் ஊர்க் கிளை நூலகம். சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது, அதனால் தயங்காமல் உள்ளே போங்கள். முகவரிச் சான்றும் சொற்பக் காப்புத்தொகையும் கொடுத்தால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பிள்ளைகள் பகுதி பூட்டிக் கிடந்தால் நூலகரிடம் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊர்ப்பயணம் போகும்போது சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ அரை நாள் ஒதுக்குங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூலகத்தின் பிள்ளைகள் பகுதியில் ஒரு செயற்கை மரம் இருக்கிறது, அதனடியில் உட்கார்ந்து படித்த பிள்ளை அதை மறக்காது.

புத்தகக் காட்சிகள்: சென்னையில் ஜனவரி வாக்கில், ஈரோட்டில் ஆகஸ்டில், இப்போது மாவட்டந்தோறும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயம் வரிசை, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், சிறுவர் நூல்களுக்கென்றே இருக்கும் வானம் பதிப்பகம் ஆகியவற்றின் அரங்குகளை விட்டுவிடாதீர்கள். பிள்ளை கையில் நூறு ரூபாய் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது எடுப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் வாங்குங்கள், உங்களுக்குப் பிடித்ததைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அறிவியல் பிடித்த பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ இதழுக்குச் சந்தா கட்டலாம். மாதாமாதம் தன் பெயருக்குத் தபால் வருவதே தனி மகிழ்ச்சி.

காசே இல்லாமல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. 2015 முதல் நடக்கிறது. தமிழில் நிறையப் படக்கதைகள் நிலைவாரியாகக் கிடைக்கின்றன. தரவிறக்கலாம், அச்செடுக்கலாம்.

எவ்வளவு முயன்றும் எழுத்து மனதில் நிற்கவே இல்லை.

முதலில் கண் பரிசோதனை. கண்ணாடி போட்ட மறுநாளே படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் உண்டு. கண்ணில் குறையில்லை, பேச்சும் அறிவும் நன்றாக இருக்கின்றன, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்கென்று பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரையோ குழந்தைகள் மருத்துவரையோ தாமதிக்காமல் பாருங்கள். அதுவரை கதையை நிறுத்தாதீர்கள், நீங்கள் வாசியுங்கள், அது கேட்கட்டும்.

எனக்கே சரியாக வாசிக்கத் தெரியாது. என் பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படப் புத்தகத்தைக் காட்டுவேன். எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்தைப் புரட்டி, என்ன நடக்கிறது என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்.

பூ கட்டி விற்கும் ஆச்சி ஒருவர் பேத்தியோடு வருவார். கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துத் தன் போக்கில் கதை சொல்வார். அவர் கதையில் எப்போதும் ஓநாய்தான் வரும். போன மாதம் பேத்தி ஆச்சியின் கையைப் பிடித்து நிறுத்தி, படத்துக்குக் கீழே இருந்த சொல்லில் விரலை வைத்து, “இல்ல ஆச்சி, இங்க நரின்னுல்லா போட்டிருக்கு” என்றாள். ஆச்சி குனிந்து அந்த எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா? சரி, மேல படி” என்றார்.